கொக்கிக்கு மேல் முழுப் பெயர்

மன்னிப்புக் கேட்கத்தான் மேல்மாடிக்குப் போனேன். லண்டன் நோர்பரியில் எங்கள் பிளாட்டுக்கு நேர் மேலே இருப்பவர் பாடகி. மராத்திப் படங்களுக்கு இசையமைப்பவர். உடுப்பு அலுமாரிக்குள், குளிர்கோட்டுகளுக்கு நடுவில் மைக்கை வைத்துப் பாடி மும்பைக்கு அனுப்புவார். கோட்டுகள் எதிரொலியைக் குடித்துவிடுமாம். அன்று காலை காலுறை குத்துகிறது என்று என் நாலு வயது மகள் கத்திய கத்தலை அவை குடித்திருக்காது.

பாடசாலை விட்டதும் அவளையும் கூட்டிக்கொண்டு, ஒரு கேக்கோடு படியேறினேன். கேக்கில் முட்டை இருக்கிறதே, சாப்பிடுவாரோ என்று இரண்டு தடவை நின்றேன்.

கதவைத் திறந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். "வா, பாளா" என்றார் மகளிடம்.

"இவள் பெயர் பாலா இல்லை" என்று அவசரமாக ஆங்கிலத்தில் திருத்தினேன். எங்களுக்குள் அதுதான் பொதுமொழி.

"பாலா இல்லை, பாளா. நாங்கள் குழந்தையை அப்படித்தான் கூப்பிடுவோம். உன் பேர் என்ன, பாளா?"

மகள் பெயரின் முதல் பாதியை மட்டும் சொன்னாள். மற்றப் பாதியில்தான் ளகரம் இருக்கிறது. அது மற்றப் பிள்ளைகளுக்குக் கஷ்டம், சுருக்கலாமா என்று முதல் வாரமே வகுப்பு ஆசிரியை கேட்டார். "நோ ப்ராப்ளம்" என்று சொன்னது நான்தான். கோட் கொளுவும் கொக்கிக்கு மேல் அரைப் பெயரை ஒட்டிவிட்டார்கள். இப்போது வீட்டில் முழுப் பெயரால் கூப்பிட்டாலும் அவள் திரும்புவதில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு முழுப் பெயரையும் சொன்னேன். அவர் ளகரம் பிசகாமல் திருப்பிச் சொன்னார். லண்டனில் எங்கள் ஆட்கள் அல்லாத ஒருவர் அதைச் சரியாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

கேக்கை வெட்டியபடியே அவர் தன் கதையைச் சொன்னார். கோயிலில் பாடத் தொடங்கியவர். பிறகு ஸ்டூடியோக்களில் கோரஸ். இன்னொரு இசையமைப்பாளருடைய படங்களுக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறார். திரையில் பெயர் வரவில்லை. கடைசியில் சொந்தமாக ஒரு படம் கிடைத்தது. பாட வந்த பெரிய பாடகருக்கு மராத்தி தாய்மொழி இல்லை. ளகரம் வந்த இடமெல்லாம் லகரமாகப் பாடினார். இவர் நாலு தடவை பதிவை நிறுத்தினார்.

"யாரம்மா இதைக் கவனிக்கப்போகிறார்கள்?" என்றாராம் தயாரிப்பாளர்.

"நான் கவனித்துவிட்டேனே" என்றாராம் இவர்.

ஐந்தாவது தடவை பாடகர் எழுந்து போனார். படமும் போனது. பிறகு சில வருடம் விளம்பரப் பாட்டுகள்தான். அடுத்து வந்த படத்தில் ளகரம் நிறைந்த பாட்டொன்றைத் தானே பாடினார். அதற்குப் பிறகுதான் வேலை அவரைத் தேடி வந்தது.

"அன்றைக்குப் பயமாக இருக்கவில்லையா?"

"பயமா! வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். ஆனால் விடவில்லை."

இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன், பாடசாலையில் கதைக்கப் போகிறேன் என்று.

"இஞ்சரும், ஒரு எழுத்துக்கே சண்டை? என்ர பேரையும் வேலையில அரைவாசி வெட்டிப்போட்டாங்கள். நான் செத்தே போனன்?"

"நீங்கள் வளந்த ஆள். அவளுக்கு நாலு வயசு. ஓமெண்டு சொன்னது நான், இனி ஏலாதெண்டு சொல்லப்போறதும் நான்தான்."

காலையில் வகுப்பு வாசலில் நின்றேன். பின்னால் தள்ளுவண்டிகளோடு தாய்மார். மகளின் முழுப் பெயரைச் சொன்னேன். ஆசிரியை லகரத்தோடு சொன்னார். "இன்னொரு தடவை" என்றேன். தூறலில் வாயைத் திறந்து, நாக்கை மேலே மடித்துக் காட்டினேன். யாரோ சிரித்தார்கள். நாலாவது தடவை லகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவில் ஏதோ வந்தது.

"அம்மா, மிஸ்ஸுக்கு ஏலாது" என்றாள் மகள், என் கோட்டை இழுத்து.

"ஏலும். நாளைக்கும் கேப்பம்."

வீட்டிலேயே எழுதிக்கொண்டுபோன அட்டையை எடுத்தேன். ஒட்டலாமா என்று நான் கேட்க, ஆசிரியை சரி என்று தலையாட்டினார். அவளுடைய கொக்கிக்கு மேல் ஒட்டினேன். முழுப் பெயர் நீளம். பக்கத்துப் பிள்ளையின் கொக்கிக்கு மேலேயும் கொஞ்சம் நீண்டது. 'ஐ ஆம் சொரி' என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.