கெரமத்தின் பல்லும் ஒரு மணி நேரமும்

என் வீட்டுக்காரர் கெரமத் எலுமிச்சைச் சாறு ருசி பார்க்கிறவர். எங்கள் ஷிராஸ் நகரத்துக் கடைத்தெருவில் சாறு வாங்கிப் புட்டியில் அடைக்கிற பட்டறைக்காரர்கள் யாரும் அவரைக் கேட்காமல் ஒரு டப்பாவைக்கூட இறக்க மாட்டார்கள். ஒரு கரண்டியை வாயில் ஊற்றி, கண்ணை மூடி, உள்ளேயே நன்றாக அலசிவிட்டுத் துப்புவார். தோலோடு நசுக்கியதா, போன வருஷத்துச் சரக்கா, எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றியதா, எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிடுவார். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், என்ன இப்போ?

ஆனால் ஒரு கிறுக்கு உண்டு அவருக்கு. ஒவ்வொரு ருசிக்கும் அப்புறம் சட்டைப் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து, உப்பைத் தொட்டு, பல்லைப் பரபரவென்று தேய்ப்பார். முந்தின புளிப்பு வாயில் இருந்தால் அடுத்த டப்பாவுக்கு நியாயம் சொல்ல முடியாதாம். சீசனில் ஒரு நாளைக்கு முப்பது டப்பா, முப்பது தேய்ப்பு. பல் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்ததும், அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

கல்யாணமான முதல் வாரத்திலிருந்து ஒரு வழக்கம் எங்களுக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் கோட்டை மதில் பக்கம் போய் ஆளுக்கு ஒரு கிண்ணம் ஃபலூதே. உறைந்துபோன மாவிழை, பன்னீர் வாசம், மேலே தாராளமாக எலுமிச்சைச் சாறு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதை அவர் நிறுத்தினார். ஒரு வாரம் வயிறு சரியில்லை, ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் "எனக்கு அலுத்துப்போச்சு ஃபரங்கீஸ், நீ போய்ட்டு வா."

தனியாகப் போய்த் தின்ன நான் என்ன அநாதையா? ஃபலூதே அலுக்கவில்லை, நான்தான் அலுத்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன். கண்ணாடி முன்னால் நின்று அழுதேன். அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பை வேண்டுமென்றே உப்பில்லாமல் வைத்தேன். மனுஷன் அதையும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதில் இன்னும் எரிச்சல்.

இந்தக் கோடையில் ஒரு மத்தியானம் குட்டு வெளிப்பட்டது. தெருவில் கால் வைக்க முடியாத வெயில். இவர் சமையலறையில் குடிக்கிற தண்ணீரை அடுப்பில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார்!

"என்னங்க, குளிர் ஜுரமா?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது இந்த வெயில்ல வெந்நி குடிப்பாங்களா? வாயைத் திறங்க."

திறக்கவில்லை. நான் விடுகிற ஆளா? முகவாயைப் பிடித்துத் திறந்தேன். முன்பற்களின் நுனி கண்ணாடி மாதிரி மெலிந்திருந்தது. பச்சைத் தண்ணீர் பட்டாலே சுரீர் என்கிறதாம், மூன்று வருஷமாக! அன்றைக்கே பல் டாக்டர் தாயெபேயிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்தப் பெண் பார்த்துவிட்டு, "ஐயா, புளிப்பு பட்டதும் பல்லோட எனாமல் இளகிப்போயிருக்கும். அந்த நேரம் பாத்துத் தேய்க்கிறீங்களே, ஈரச் சுவரைச் சுரண்டுற மாதிரி இல்ல? அது அழுக்கு இல்ல. மேல்பூச்சு தேஞ்சு உள்பல்லு தெரியுது. போன எனாமல் திரும்ப வளராது. இருக்கறதையாவது காப்பாத்துங்க," என்றாள்.

துப்பினதும் வெறும் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், ஒரு துண்டு சீஸ் மெல்ல வேண்டும், ஒரு மணி நேரம் கழித்து மெத்தென்ற பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். தேய்ந்த இடங்களை அடைத்து, கூச்சத்துக்கு ஒரு பூச்சும் பூசி அனுப்பினாள்.

வீடு வந்ததும் இவர் குதித்தார். "சீஸ் தின்ன நாக்குக்கு எலுமிச்சை தெரியுமா? பட்டறைக்காரங்க சிரிப்பாங்க. என் பொழப்பே இந்த நாக்குதான்."

"பல்லு போனா நாக்கை எங்க வைப்பீங்க, பையிலயா?" என்றேன். பிரஷ், உப்பு டப்பா இரண்டையும் பிடுங்கிப் பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாளே சோதனை வந்தது. ஒரு வியாபாரி பன்னிரண்டு டப்பாவோடு வந்து நின்றான். நானும் ரொட்டியும் சீஸுமாகப் பட்டறைக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு ருசிக்கும் அப்புறம் கொப்பளித்தார், என்னை முறைத்துக்கொண்டே சீஸை மென்றார். எட்டாவது டப்பா வரைக்கும் ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. நாக்கு நிஜமாகவே கெட்டுவிட்டதோ, நானே கெடுத்துவிட்டேனோ?

ஒன்பதாவதைத் துப்பிவிட்டுக் கண்ணைத் திறந்தார். "இதுல பாதி பழம், பாதி எலுமிச்சை உப்பு."

வியாபாரி வானத்தின் மேல் சத்தியம் பண்ணினான். இவர் கரண்டியை அவன் பக்கம் நீட்டினார். கரண்டியைப் பார்த்தான், இவர் முகத்தைப் பார்த்தான், அந்த டப்பாவைத் தானே தூக்கி வண்டியில் வைத்தான். பட்டறையே சிரித்தது. இவர் என்னைப் பார்த்து, "சீஸ் இன்னும் இருக்கா?" என்றார். அட என் ராசாவே!

இரண்டு மாசம் போனது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றவில்லை.

"கிளம்பு."

"எங்க?"

"எங்கன்னு கேக்குறா பாரு. மதில் பக்கம்தான்."

முதல் கரண்டியை வாயில் வைத்தபோது நான் மூச்சே விடவில்லை. கண்ணை மூடினார், அலசினார். "கூசல," என்றார். "ஆனா இவன் சாறு போன வருஷத்துச் சரக்கு."

வீடு திரும்பியதும் பழக்கதோஷத்தில் அவர் கை பிரஷ்ஷைத் தேடியது. குறுக்கே நின்றேன். "எங்க போறீங்க? ஒரு மணி நேரம் ஆகணும்."

முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்தோம். வெறுமனே எவ்வளவு நேரம் உட்கார முடியும்? கேட்டுவிட்டேன். "மூணு வருஷமா ஏன் மறைச்சீங்க? நான் உங்களுக்கு வேண்டாதவளாப் போயிட்டேன்னு நினைச்சேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பல்லு கூசுதுன்னு தெரிஞ்சா நாக்கும் போச்சுன்னு ஊர் சொல்லும்னு பயந்தேன். உன்னை வேண்டாம்னு நினைப்பேனா, பைத்தியக்காரி? அந்த உப்பில்லாத குழம்பை எல்லாம் வேற எதுக்குத் தின்னேன்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்புறம் பேசினோம், பேசினோம், மூன்று வருஷத்துப் பாக்கியையும் பேசினோம். கடைசியில் எழுந்து பெட்டியைத் திறந்து மெத்தென்ற புது பிரஷ்ஷை எடுத்து நீட்டினேன்.

"மணி ஆயிடுச்சு. போய்த் தேய்ங்க."

அவர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இன்னும் ஒரு மணி நேரம் ஆகட்டுமே. பல்லுக்கு நல்லதுதானே?"