டைனமோவில் கேட்ட காடு

சென்ற மாதம் குசினியில் நின்றபோது மகனின் அறையிலிருந்து ஓர் இசை கேட்டது. பழைய வீடியோ விளையாட்டுகளின் இசையை யாரோ தொகுத்து வைத்திருக்கிறார்களாம். படிக்கும்போது கேட்டால் மனம் அலையாதாம். அவனுக்குப் பதினேழு வயது. அவன் கதவைச் சாத்தினால் ஏதாவது சாட்டு வைத்துப் போய்த் திறந்துவிடுவது என் வழக்கம். அன்று சாட்டுக்கூடத் தோன்றவில்லை. வாசலில் நின்றபடியே முடியும்வரை கேட்டேன். அது எனக்குத் தெரிந்த காடு. ஆனால் எங்கள் காட்டைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடியது.

எனக்கு அப்போது பத்து வயது. பரந்தனிலிருந்து போரால் இடம்பெயர்ந்து ஜெயபுரத்தில் ஒரு காணித்துண்டில் கொட்டில் போட்டிருந்தோம். மின்சாரம் இல்லை. பற்றரி வன்னிக்குள் வரத் தடை. கசற் போடுகிற றேடியோ பாட வேண்டுமென்றால் அண்ணனின் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவில் கொளுவி, ஒருவர் பக்கத்தில் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்ற வேண்டும். கை தளர்ந்தால் பாடுகிறவருக்கு நெஞ்சடைக்கும். உற்சாகம் கூடினால் அவர் அணில்போலக் கீச்சிடுவார். வன்னிப் பிள்ளைகள் பலருக்கு எந்தப் பாட்டின் உண்மையான வேகமும் தெரியாது.

கனடாவில் இருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கடிதம் எழுதமாட்டார். கசற் நாடாவில் பேசிப் பதிந்து அனுப்புவார். புதுக் கசற் கிடைக்காத காலம் என்பதால் அதே கசற்றில் நாங்கள் பதில் பேசித் திருப்பி அனுப்புவோம். போக, வர ஆறு மாதமாகும். அந்த முறை வந்ததில் ஒரு பக்கம் மாமாவின் கதை. மறு பக்கத்தை அவருடைய மகன் பிடித்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயது. தொலைக்காட்சிக்கு முன்னால் றெக்கோடரை வைத்து, தான் விளையாடும் விளையாட்டின் இசையை எனக்கென்று பதிந்திருந்தான்.

“மச்சாள், இது காட்டு மியூசிக். இதில அவன் வாள் தேடுறான்,” என்றான். பிறகு இசை வந்தது.

பாடுகிறவர் யாருமில்லை. நாதஸ்வரமில்லை, வயலினில்லை, எனக்குத் தெரிந்த எந்த வாத்தியமும் இல்லை. கண்ணாடித் துளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுபோலச் சில ஒலிகள்; அவை ஒரு வட்டம் போய்த் திரும்பின. திரும்பும் ஒவ்வொரு முறையும் தங்களோடு புதிதாக இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தன. எங்கள் காணிக்குப் பின்னால் ஒரு காடு இருந்தது. பாம்பு, யானை, வெடிக்காத குண்டு எல்லாவற்றையும் சொல்லி எங்களை அங்கே போகவிடமாட்டார்கள். எனக்கு அது விறகு வருகிற இடம், அவ்வளவுதான். அந்த இசைக்குப் பிறகு அந்தக் காட்டுக்கு ஒரு வாசல் இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பாலை மரங்களுக்கு நடுவில் யாரோ நான் வருவேன் என்று காத்திருந்தார்கள்.

அடுத்தது தண்ணீருக்குள் போகிற இசை. அது மெதுவானது. நான் வேண்டுமென்றே பெடலைத் தளர்த்தி அதை இன்னும் ஆழத்துக்கு இறக்குவேன். நடுவில் மச்சானின் குரல் வரும்: “ஐயோ, செத்திட்டன் மச்சாள். பொறுங்கோ, திரும்ப வாறன்.” ஒரு சின்னச் சோக மெட்டு. உடனே இசை முதலிலிருந்து தொடங்கும்.

செத்தவன் எப்படித் திரும்ப வருவான் என்று அண்ணனிடம் கேட்டேன். அண்ணனுக்குத் தெரியாத விடயம் இல்லை என்பது எங்கள் இருவருடைய அபிப்பிராயமும்.

“அது அப்பிடித்தான். மூண்டு உயிர் குடுப்பாங்கள். முடிஞ்சா முதல்ல இருந்து விளையாடோணும்,” என்றான்.

பக்கத்துக் காணியில் ஓர் ஐயா இருந்தார். கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர். முதல் நாள் வேலியருகே நின்று கேட்டுவிட்டு, “பாட்டுக்காரனக் காணோம், மேளக்காரன் மட்டும் வந்திருக்கான்” என்று சிரித்தார். மறுநாள் கேட்காமலே வந்து குந்தினார். கடைசியாக வருகிற மாளிகை இசை முடியும்வரை எழும்பவில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு அம்மா அப்பாவிடம் சொல்வது காதில் விழுந்தது. ஐயாவுக்கு வவுனியா ஆசுப்பத்திரிக்குப் போக அனுமதிப் பாஸ் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை போகிறார், பதிலைப் பேசி அவரிடம் கொடுத்துவிடலாம், பையனுடைய பக்கத்தில் பேசினால் போதும். என் பக்கம் அழியப்போகிறது. அதைவிட்டால் உலகத்தில் அந்தக் காடு வேறெங்கும் இல்லை என்று நான் நம்பியிருந்தேன்.

பதிகிற கசற்றின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் பற்கள் இருக்கும், அவற்றை உடைத்துவிட்டால் யாராலும் மேலே பதிய முடியாது என்று அண்ணன் எப்போதோ காட்டியிருந்தான். எந்தப் பல் எந்தப் பக்கத்துக்கு என்று எனக்கு நினைவில்லை. சட்டை ஊசியால் இரண்டையும் கிளப்பினேன்.

வெள்ளிக்கிழமை அம்மா அண்ணனை நேரத்தோடு ரியூசனுக்கு அனுப்பினார். சைக்கிள் வீட்டில் வேண்டுமென்று நடந்துபோகச் சொன்னார். பிறகு தலை வாரி இழுத்து, நல்ல சேலை உடுத்து, படம் எடுக்க இருப்பதுபோல றேடியோவுக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தார். குரல் பதிவதற்கும் உடுத்திக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். அப்பா பெடலைச் சுற்றினார். அம்மா பதியும் பொத்தானை அழுத்தினார். அது கீழே இறங்கவில்லை. அப்பா எழும்பி வந்து அழுத்தினார், ஊதினார், தட்டினார். கசற்றைக் கழற்றிப் போட்டார். றேடியோதான் பழுது என்று முடிவு கட்டினார். நான் கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு துண்டுக் கடதாசியை மடித்து அந்த ஓட்டைகளை அடைத்தால் சரிவந்திருக்கும். அதை அறிந்த ஒரே ஆள் ரியூசனுக்கு நடந்துகொண்டிருந்தான்.

வேலிப் படலையடியில் ஐயா பையோடு நின்றார். “ட்ராக்டர் வந்திரும் தங்கச்சி. ரெண்டு வரி எழுதிக் குடுங்க, கொண்டுபோறேன்.”

“எழுதுற விசயமில்லை ஐயா,” என்றார் அம்மா.

பிறகு என் கொப்பியில் ஓர் ஒற்றையைக் கிழித்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் சுகம், பிள்ளைகள் படிக்கினம், மருமகனின் பாட்டு நல்லாயிருக்கு, உன் உடம்பைப் பார். ஐயா அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

வவுனியாவுக்குப் போகும் கடிதங்களை ஆமி, இயக்கம் இரண்டு தரப்புச் சோதனையிலும் பிரித்து வாசிப்பார்கள். அண்ணனின் வயதுப் பிள்ளைகளை இயக்கத்துக்கு வீடு வீடாகக் கேட்கத் தொடங்கியிருந்த நேரம். எப்படியாவது அவனை வெளியே எடுத்துவிடு, யாரைப் பிடிக்க வேண்டுமோ பிடி என்று தம்பியிடம் கேட்கத்தான் அம்மா உடுத்திக்கொண்டு இருந்தார். பல வருடங்களுக்குப் பிறகு அப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதுதான் இதைச் சொன்னார். காட்டையும் தண்ணீரையும் அப்படியே விட்டு, மாளிகை இசைக்குப் பிறகு வந்த வெற்று நாடாவில் பேசுவதுதான் அம்மாவின் எண்ணமாம். சோதிக்கிறவன் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுச் சின்னப்பிள்ளை விளையாட்டென்று திருப்பித் தந்துவிடுவான் என்றாராம். என் இசையில் ஓர் ஒலிகூட அழிந்திருக்காது. அப்போதும் நான் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாரி தொடங்குவதற்கு முன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. கசற் போயிருந்தாலும் மாமாவால் நேரத்துக்கு எதுவும் செய்திருக்க முடியாது என்கிறார் என் கணவர். இருக்கலாம்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நான் வெற்றி பெற்றவள். ஐயா போன பிறகும் சைக்கிள் கவிழ்ந்தபடியே கிடந்தது. பேச்சு விழும் என்று தெரிந்தும், பாட்டுக் கேட்கட்டோ என்று மெல்லக் கேட்டேன். அம்மா நல்ல சேலையைச் செருகிக்கொண்டு சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, தானே பெடலைப் பிடித்தார்.

அதுவரை யாரும் அப்படிச் சுற்றியதில்லை. வேகம் கூடவில்லை, குறையவில்லை. காடு முதன்முறையாக எங்கும் தளராமல் முழுதாக வந்தது. நான் நிலத்தில் கிடந்து கேட்டேன். அம்மாவின் கண் பாதையில் இருந்தது. கடைசியில் அம்மாவுக்கும் இந்த இசை பிடித்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மாளிகை முடிந்தது. நாடா வெறுமனே ஓடியது. அம்மா அதையும் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னொருக்காக் கேக்கப்போறியோ?”

“ஓம்,” என்றேன்.

அம்மா கையை மாற்றிக்கொண்டார்.