புளி படக்கூடாத கட்டில்

அவலூர்பேட்டையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்த என் நைனாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம். அறுபதுகளில் என்னைச் செஞ்சிக்குக் கட்டிக்கொடுத்தபோது, சீரோடு வந்த கட்டிலைக் காட்டி, "அத்தினியும் செம்பு, சம்பந்தியம்மா!" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். அது இரும்புக் கட்டில். மேலே செம்பு முலாம், அது கறுக்காமல் இருக்க அதன்மேல் ஒரு பூச்சு வார்னீஷ். "காஞ்ச துணியால தொடைங்க. புளி, சாம்பல், ஈரம் கிட்டவே போகக்கூடாது" என்று கடைக்காரர் சொன்னது எனக்கும் நைனாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

புகுந்த வீட்டில் நான் பட்ட பாடு! வீட்டுக்காரர் ஈரத்துண்டைக் கட்டிலின் தலைமாட்டில் போடுவார். நான் பாய்ந்து எடுப்பேன்.

"துண்டு போடக்கூட உன்னாண்ட உத்தரவு கேக்கணுமா?"

"ஆமா, கேக்கணும்."

தினமும் பழைய மல்துணியால் துடைத்தேன். அப்படியும் அவர் பிடித்து எழுந்திருக்கும் குமிழில் வேர்வை பட்டு, வார்னீஷ் விட்டு, கறுப்புத் திட்டு ஒன்று விழுந்துவிட்டது. மாமியார் கண்ணுக்கு அது தப்புமா?

"புளி போட்டுத் தேய்மே."

"ஈரம் படக்கூடாதாம், அத்தை."

"செம்புக்கு இன்னாமே ஈரம்? தண்ணி ஊத்தி வெக்கறதே செம்புலதான!"

அவர் சொல்வதும் நியாயம்தானே! குட்டு உடைந்தால் நைனாவின் மானம் கப்பலேறிவிடும். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

தலைப்பொங்கல் வந்தது. போகிக்கு முதல் நாள் நான் தண்ணீர் எடுத்துவரப் போன நேரம் பார்த்து, மாமியார் புளியும் செங்கல் தூளும் வைத்துக் குமிழைத் தேய்த்துவிட்டார். செம்பு போய் இரும்பு பல்லிளித்தது. சரி, தொலைந்தோம் என்று நின்றேன். பார்த்தால், அவர் முகம்தான் வெளுத்துப் போயிருந்தது.

"ஐயையோ, செம்போட நெறமே செத்துப்போற மாதிரி தேச்சிட்டேனே! உங்க நைனா நாளைக்கு சீர் எடுத்துக்கினு வராரே, இன்னா சொல்வாரோ!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வாயைத் திறந்தால் நைனா மாட்டுவார், மூடினால் இந்த மனுஷி தவிப்பார். மூடிக்கொண்டேன்.

மறுநாள் கரும்பும் மஞ்சள் கொத்துமாக நைனா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். வந்ததும் வராததுமாகக் கட்டிலைப் பார்க்கப் போனார். குமிழைச் சுற்றிச் சாமந்திச் சரம், நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. மாமியார் குறுக்கே போய் நின்றார்.

"தொடாதீங்க சம்பந்தி, சாமி வெச்சிருக்குது."

பூவிடுக்கில் தெரிந்த இரும்பை நைனா பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டென்று தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கட்டில் குமிழைக் கையெடுத்துக் கும்பிட்டார். மாமியாரும் பக்கத்தில் நின்று கும்பிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் கும்பிட்டுக்கொண்டேன்.