கண்ணாடிக் கடைக்கு வந்த கைப்பேசிக்காரர்கள்

கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து கண் பரிசோதிக்கிறவர்களுக்கு ஒன்று சீக்கிரமே பிடிபட்டுவிடும்: வருகிறவர்கள் கண் வலிக்கிறது என்று உண்மையைச் சொல்வார்கள், எதைப் பார்த்து வலிக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் கடை திருப்பூரில் காதர்பேட்டைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. பனியன் பண்டல் ஏற்றிய வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் உள்ளே வர வேண்டும். நான் டாக்டர் இல்லை, கண்ணுக்குப் பவர் பார்க்கப் படித்தவள். ஆனாலும் எல்லோருக்கும் நான் டாக்டரம்மாதான், மறுத்து மறுத்து அலுத்துவிட்டது. ஐம்பதைத் தாண்டியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே, "போனெல்லாம் நமக்கு ஆகாதுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சட்டைப் பையில் அது சூடாக இருக்கும். இதைப் படிக்கிற நீங்களும் போனைக் கை எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்க்கிற ஆளாக இருந்தால், நாம் ஒரே கட்சி. எனக்கும் பவர் வந்துவிட்டது.

ஊசிக் காது

சரோஜினி அக்கா பனியன் கம்பெனியில் துணியின் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் இருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றார். திருப்பூரில் கண்ணாடிக் கடை வைத்தால் மேசையில் ஊசியும் நூலும் இருந்தே ஆக வேண்டும். எடுத்து நீட்டினேன். என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே ஒரே தடவையில் கோத்துக் கொடுத்துவிட்டார். எனக்குக் குழப்பமாகிவிட்டது. படிக்கும் அட்டையைக் கொடுத்தேன். கடைசி வரிகளில் கொஞ்சம் திணறினார், அவ்வளவுதான்.

"இதெல்லாம் தெரியுதுங்க. அதுதான் தெரியறதில்லீங்க."

"எதுங்கக்கா?"

அக்கா வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பையிலிருந்து துண்டில் சுற்றிய போனை எடுத்தார். கம்பெனியில் லீவு கேட்பதுகூட இனி போனில்தான் என்று சொல்லிவிட்டதால் வேண்டாவெறுப்பாக வாங்கியது. வாங்கிய அன்று அழுதாராம். இப்போது அதில் மிட்டாய்களை வரிசை சேர்த்து உடைக்கிற விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரிகிறதாம். சோதனை ஃப்ரேமில் லென்ஸை மாட்டிவிட்டேன். அப்படியே குனிந்து விளையாட ஆரம்பித்துவிட்டார். வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றேன். நிமிராமலே சொன்னார்: "ஊசியக் கை பாத்துக்கும் அம்மிணி, இந்த முட்டாயத்தான் கண்ணு பாக்கோணும்."

தக்காளித் தோட்டம்

இவர் ஒரு பனியன் கம்பெனி முதலாளி. பெயர் வேண்டாம், இன்னும் எங்களிடம்தான் கண்ணாடி வாங்குகிறார். பட்டன் போன்தான் வைத்திருப்பேன் என்று பிடிவாதமாக இருந்தவர். தைக்கிற இடத்துக்குள் யாரும் போன் கொண்டுவரக் கூடாது என்று போர்டு வைத்தவரும் அவரே. துணியின் கலரை வீடியோவில் காட்டினால்தான் ஆர்டர் என்று வெளிநாட்டு வியாபாரி சொன்னதால் மகன் பெரிய போன் ஒன்றை வாங்கிக் கையில் திணித்துவிட்டார்.

சாயங்காலமானால் தலைவலி என்று மனைவியோடு வந்தார். தூரம் பார்த்தேன், கிட்டம் பார்த்தேன், போட்டிருக்கும் கண்ணாடி சரியாகவே இருந்தது. பிரஷர் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். வெயிலில் அலைகிறீர்களா என்று கேட்டேன். அதற்கும் இல்லை. எனக்குக் கேள்விகள் தீர்ந்துவிட்டன.

அதுவரை சும்மா இருந்த மனைவி பேசினார். "கம்பெனி வாசல்ல காரை நிறுத்திப்போட்டு உள்ளயே உக்காந்துக்கறாருங்க. ஏசி போட்டுட்டு வெவசாயம் பாக்கறாரு." எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கணவரின் போனை வாங்கிக் காட்டினார். திரையில் ஒரு பச்சை வயல். அதில் பாத்தி கட்டித் தக்காளி காய்த்துக் கிடந்தது. விரலால் தடவினால் பழம் பறிக்கலாம், இன்னொரு தடவு தடவினால் தண்ணீர் பாயும். "சேவூர்ல இவருக்குச் சொந்தத் தோட்டம் இருக்குதுங்க. அங்க தண்ணி கட்ட ஆளில்லாம காஞ்சு கெடக்குது. ஒரு நாள் எட்டிப் பாத்திருப்பாரா கேளுங்க."

அவரைப் பார்த்தேன். சங்கடமாகச் சிரித்தார். போனைத் திரும்ப வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக எனக்கு விளக்கினார்: "இந்தத் தோட்டத்துல தக்காளி வெல எறங்கறதே இல்லீங்க."

எதிராளி

எங்கள் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவர் எட்வின் அண்ணன். நாகர்கோவில் பக்கத்துக்காரர். திருப்பூருக்கு வந்து தலை நரைத்துவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை, என்னை இன்னும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். ஆர்டரெல்லாம் போனில் வர ஆரம்பித்தபோது, "எனக்கு எதுக்கு இந்தச் சனியன்?" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தமே இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவார்.

லூடோ விளையாடுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. எதிரில் யாரோ ஒருவர், எப்போதும் அதே ஆள், எப்போதும் தோற்கிற ஆள். "பாவம், அவன் வெப்ராளப்படுவான்" என்று அண்ணன் அவன் மனசு நோகக் கூடாதென்று வேண்டுமென்றே சில ஆட்டங்களில் விட்டுக்கொடுக்கவும் தொடங்கியிருந்தார். எந்த ஊர்க்காரர் என்று கேட்டேன். அது தெரியாது, ஆனால் நல்ல பையன், கூப்பிட்ட நேரத்துக்கு வந்துவிடுவான் என்றார். போனை வாங்கிப் பார்த்தேன். எதிரில் ஆளே இல்லை, கம்ப்யூட்டர்தான் காயை நகர்த்திக்கொண்டிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க எனக்கு யோசனை. சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துணியால் துடைத்தார். மறுபடியும் பார்த்தார். நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. மறுநாள் மதியம் அதே மூலை, அதே ஆட்டம், இந்த முறையும் விட்டுக்கொடுத்தார். இப்போதுதான் தெரிந்துவிட்டதே அண்ணா, பிறகு ஏன் என்றேன். "மெஷின்னாலும், எப்பவும் தோத்துக்கிட்டே இருந்தா அதுக்கும் ஒரு மாதிரி இருக்காதா மக்களே?"

எழுத்து தெரியாதவர்

அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்த ஆரோக்கியம்மா தோட்ட வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எழுத்து தெரியாதவர்களுக்கென்று எங்களிடம் தனி அட்டை உண்டு. அதில் ஒரே குறி மேலே, கீழே, பக்கவாட்டில் என்று திரும்பித் திரும்பி இருக்கும். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். அதை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் சுவரிலிருந்த இங்கிலீஷ் அட்டையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அது ஆட்டத்தத் தொடங்கறது" என்று P எழுத்தைக் காட்டினார். O வந்ததும், "செரின்னு சொல்றது." X வந்ததும் முகத்தில் ஒரு வெறுப்பு. "இத அமுக்குனா வெளம்பரம் போயிருமுங்க. செல நேரம் போகாது, வேற எங்கியோ இழுத்துட்டுப் போயிரும்."

மகன் வாங்கிக் கொடுத்த போனை ஆரம்பத்தில் தொடவே பயந்தவராம். தொட்டால் வெடித்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இப்போது குமிழ்களைச் சுட்டு உடைக்கிற விளையாட்டில் பல படிகள் தாண்டிவிட்டார். நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் போய், அப்படியானால் உங்களுக்குப் படிக்கத் தெரிகிறதே என்றேன். இதில் சந்தோஷப்பட வேண்டியது நானா அவரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "எழுத்தெல்லாம் தெரியாது கண்ணு, அது என்ன பண்ணுமுன்னுதான் தெரியும்."

எந்தக் கண்ணாடி

ரங்கசாமி அண்ணன் கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த துணியின் மேல் கோடு போட்டு மெஷினால் வெட்டுகிற வேலை. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று வந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லி விளக்கை அணைக்கப் போனேன். "எனக்கில்லீங்க, இதுக்கு" என்று போனை நீட்டினார்.

போனுக்கு ஒட்டுகிற கண்ணாடி மொபைல் கடையில் கிடைக்கும் என்றேன். அங்கேதான் இத்தனை நாள் நடந்தாராம். மேல் கண்ணாடியை மாற்றினார்கள், பிறகு டிஸ்பிளேவையே மாற்றினார்கள், கோளாறு போகவில்லை. கடைசியில் கடைக்காரர் எரிச்சலாகி, பேசாமல் கண்ணாடிக் கடைக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் என்ன அர்த்தத்தில் சொன்னாரோ, இவர் போனோடு இங்கே வந்துவிட்டார்.

கால் பிசகி வீட்டில் கிடந்தபோது மகள் போட்டுக் கொடுத்த விளையாட்டு அது. மேலிருந்து கட்டைகள் விழும், இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். அடுக்கிய வரிசை நடுவில் குழிந்து வளைகிறது என்றார். நான் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. சொன்னேன்.

"அதுதானுங்க எனக்கும் புரியறதில்ல. கம்பெனில துணி மேல கோடு போட்டா நேரா இருக்குது. ஊட்டுக்குப் போயிப் போன எடுத்தா வளையுது. அப்பப் போனுதானுங்களே கோளாறு?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. திருப்பி அனுப்பிவிடலாம் என்று எழுந்தவள், ஏதோ தோன்றி, வீட்டில் எப்படி வைத்து விளையாடுவீர்கள் என்று கேட்டேன். கட்டிலில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான் என்றார். கன்னத்தை உள்ளங்கையில் சாய்த்துக் காட்டினார். இடது கண் முழுக்க மூடிப்போயிற்று.

அந்தக் கண்ணை அப்படியே மூடிக்கொள்ளச் சொல்லி, கட்டம் போட்ட அட்டையை வலது கண்ணுக்கு நேராகக் காட்டினேன். அட்டையைக் கிட்டே இழுத்தார், தள்ளிப் பிடித்தார். பிறகு, "நடுவுல கலங்குதுங்க" என்றார். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல இடது கண் இதை மறைத்திருக்கிறது. சர்க்கரை உண்டா என்று கேட்டேன். உண்டு, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்றார்.

இது கண்ணாடியால் சரியாகிற விஷயமில்லை, நாளைக்கே கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடினார், திறந்தார், மாற்றி மூடினார். "கண்ணு போச்சுன்னா கட்டிங் மெஷின்ல கைய வெக்க முடியாதுங்களே" என்றார். அதைச் சொன்னபோதுகூடப் போனை நீட்டியேதான் பிடித்திருந்தார். மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். அவருடைய மனைவிக்குப் போன் போட்டதும் நான்தான், அவர் விரல் சரியான இடத்தைத் தொடவில்லை.

சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்திருந்தது. கண்ணில் ஊசி போட்டார்கள், அடுத்தடுத்து சில மாதங்கள். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் பார்வையை மீட்டிருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். போன வாரம் கடைக்கு வந்தார். அட்டையைக் காட்டினேன், கோடுகள் கிட்டத்தட்ட நேராக இருக்கின்றன என்றார். மாத்திரையை விடுவதில்லை, வேலைக்கும் போகிறார். எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லோரிடமும் சொல்வதைப் போல, இனிமேல் போனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவைத்தேன். அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "அந்த ஆட்டம் ஆடாம இருந்திருந்தா இந்தக் கண்ணு போயிருக்குமுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க, இப்ப நீங்க கொறைக்கச் சொல்றீங்க, நான் ஆடறதுங்களா வேண்டாமுங்களா?"

கண் எவ்வளவு தெரிகிறது என்று சொல்ல எனக்குப் படிப்பு இருக்கிறது, அதை வைத்து எதைப் பார்க்கலாம் என்று சொல்ல எங்கே போய்ப் படிப்பது என்றுதான் தெரியவில்லை.