பிறிஜ்ஜில் வைத்த கார்த்திகைக் கிழங்கு

நவம்பர் 19, செவ்வாய், கரவெட்டி. தேத்தண்ணி குடித்துவிட்டு, வேலியில் படர்ந்திருந்த கார்த்திகைப் பூவை வெயில் ஏறுமுன் தாளில் படமாகக் கீறத் தொடங்கினேன். இதழின் மஞ்சள் மெல்ல மெல்லச் சிவப்பாகிவிடும். நிறத்தை முதலில் பிடிக்க வேண்டும். நான் வாழும் நோர்வேயின் பேர்கன் நகரில் இந்தப் பூவைக் கடையில் வாங்கலாம். தண்டும் பூவும்தான் கிடைக்கும். தாவரப் படத்துக்குக் கிழங்கும் வேண்டும். அதற்காகவே அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன்.

கிழங்கைத் தோண்டி, மண் போகக் கழுவி, தோல் சீவிக் குறுக்கே வெட்டினேன். வெட்டு முகத்தைக் கீறியதும் துண்டுகளை ஈரத்துணியில் சுற்றி, ஒரு பெட்டியில் போட்டு, பிறிஜ்ஜில் வைத்தேன். பேர்கனில் என் பிறிஜ்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் எப்போதும் ஏதாவதொரு வேர் கிடக்கும். அதைத் திறப்பவள் நான் ஒருத்திதான்.

பின்னேரம் மழை. அக்கா காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சினாள். நிறத்தைச் சரிபார்க்க நான் பிறிஜ்ஜைத் திறந்தபோது பெட்டி இல்லை. அது கழுவிக் கவிழ்த்தபடி அடுப்படியில் கிடந்தது.

"அக்கா, இதுக்குள்ள இருந்தது?"

"மரவள்ளிதானே? கூழுக்க போட்டிட்டன்."

முற்றத்துக் கொட்டிலில் அக்காவின் கணவர், அத்தான், கூழ் அள்ளிய பிலாவிலையை வாயருகே பிடித்திருந்தார்.

"அத்தான், குடிக்காதேங்கோ! அது கார்த்திகைக் கிழங்கு!"

"ஒரு மிடறு உப்புப் பாத்திட்டன், பிள்ளை."

அக்காவின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. "உது நஞ்செண்டு எனக்குத் தெரியாதே? வேலியில கண்டால் தெரியும். சீவி, வெட்டி, துணியில சுத்திப் பிறிஜ்ஜுக்க வைச்சால் ஆரடி நஞ்செண்டு நினைப்பினம்?"

மேசையில் இருந்த கிழங்குப் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏறினோம். வழியில் அத்தான் தொண்டைக்குள் விரல் விட்டுச் சத்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர், "என்ன கிழங்கு?" என்று கேட்டார். ஈரம் காயாத படத்தை நீட்டினேன். அவர் முகம் மாறியது. வயிற்றைக் கழுவினார்கள். நஞ்சு மெதுவாகத்தான் வேலை காட்டும், விடியும்வரை பார்க்க வேண்டும் என்றார். அத்தான் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "படத்தின்ரை மூலையில என்னையும் கீறிவிடு. இன்னார் திண்டு பாத்தவர் எண்டு." அக்கா சிரிக்கவில்லை. வாங்குப் பலகையில் என்னருகே இருந்தவள் சற்றுத் தள்ளி இருந்தாள்.

விடியற்காலை டொக்டர், ஆபத்து இல்லை, இன்னும் ஒரு நாள் வைத்திருப்போம் என்றார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போக நானும் அக்காவும் வீட்டுக்கு வந்தோம். பால் எடுக்கப் பிறிஜ்ஜைத் திறந்தவள், நான் நோர்வேயிலிருந்து கொண்டுவந்த மண்ணிறப் பாலாடைக் கட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"இது தின்னுறதோ, கீறுறதோ?"

அன்று காலை நான் முதலில் செய்தது, அதில் ஒரு துண்டை வெட்டி, அவள் பார்க்க மென்று விழுங்கியதுதான். அடுத்த துண்டை அவளுக்கு நீட்டினேன். அவள் தகரப் பாற்பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.