ஜெனோவா கேட்ட சாய்தளம்

கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதுகிற ஜெனோவாவைத் தெரியாதவர்கள் தூத்துக்குடியில் குறைவு. திங்கள்கிழமை விடிந்தால் என் ஜெராக்ஸ் கடை முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பட்டாவோ பென்ஷனோ, அவள் எழுதிய மனுவை எந்த அதிகாரியும் பாதியில் மடித்து வைக்க முடியாது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதம், இடது காலில் இரும்புக் காலிப்பரை மாட்டிவிட்டது. பூட்ஸும் அதோடு சேர்ந்ததுதான். கழற்றினால் நிற்க முடியாது.

அதே வருஷம் சங்கு குளிக்கப் போன அவள் அப்பா கடலோடு போய்விட்டார். வீட்டில் ஒரு படம்கூட இல்லை. பெற்ற தகப்பன் முகம் தெரியாமலே ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால், அப்பா போன தோணியின் முதலாளி மகன் கடைக்கு வந்தார்.

"உங்கப்பா போட்டோ ஒண்ணு எங்க வீட்ல கெடந்துச்சும்மா. புது மியூசியத்துக்குக் குடுத்துட்டேன்."

அடப்பாவி மனுஷா! ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு சொல்கிற பேச்சா இது? கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுக்கக் கூடாதா?

மியூசியத்துக்கு ஏழு படி, கைப்பிடி கிடையாது. ஜெனோவா தனக்காக மனு எழுத ஆரம்பித்தாள். பதினோரு மனு. கடைசியில் சாய்தளம் கட்டினார்கள். போன மாதம் அவளோடு நானும் போனேன்.

சாய்தளம் முழுக்கச் செருப்பு ஸ்டாண்டு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"யாரும் இதுல ஏறுதது இல்ல அண்ணாச்சி, சும்மாதான கெடக்கு" என்று காவலாளி தளவாய் ஸ்டாண்டை நகர்த்தினான். ஜெனோவா ஏறி வாசலுக்குப் போனதும் மறித்தான். "புது மார்பிள்க்கா. பூட்ஸக் கழட்டிருங்க."

"இது பூட்ஸ் இல்ல தம்பி. என் காலு."

"ஒருத்தர விட்டா எல்லாரும் கேப்பாங்கக்கா. கோயிலுக்குள்ளன்னா கழட்ட மாட்டீங்களா?"

"ஏலே, உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினேன். அவன் விதியைக் காட்டினான், போர்டில் எழுதியிருந்தது.

ஜெனோவா மேல்படியில் உட்கார்ந்து காலிப்பரைக் கழற்றினாள். செருப்புகளுக்கு நடுவே அதை வைத்துவிட்டு, கையை ஊன்றி, தரையில் நகர்ந்தே உள்ளே போனாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

படம் ஆள் உயரத்துக்கு மேல் தொங்கியது. தரையிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் டியூப்லைட் வெளிச்சம்தான் தெரிந்தது. அவள் இந்தப் பக்கம் நகர்ந்தாள், அந்தப் பக்கம் நகர்ந்தாள். வெளிச்சமும் கூடவே நகர்ந்தது. படத்தைக் கழற்றித் தரத் தளவாயிடம் கேட்டேன், தொடக் கூடாதாம். நாற்காலி கேட்டேன், இல்லையாம்.

"தூக்கட்டுமாம்மா?"

"வேண்டாம் அண்ணாச்சி. எங்கப்பாவ அடுத்தவுக தூக்கிக் காட்டியா நான் பாக்கணும்?"

விளக்க அட்டை மட்டும் கீழே, அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. வீல்சேரில் வருகிறவர்கள் படிக்க அட்டையைத் தாழ்த்தி வைக்கச் சொல்லி எழுதியதும் அவள்தான். முதலாளி மகன் பெயரைச் சொல்லவில்லையோ என்னவோ, 'பெயர் தெரியாத சங்கு குளிப்பவர்' என்று போட்டிருந்தது.

"தஸ்நேவிஸ் பர்னாந்து" என்றாள் ஜெனோவா. "எங்கப்பா பேரு தஸ்நேவிஸ் பர்னாந்து."

தளவாய் தலையைச் சொறிந்தான். "அட்டைய மாத்தணும்னா ஒரு மனு எழுதிக் குடுங்கக்கா."

அவள் தோள்பையில் பேனாவும் இருந்தது, வெள்ளைத்தாளும் இருந்தது. ஜெனோவா பையைத் திறக்கவில்லை.