கல்லணைக்கு அங்கால

படகுத்துறை எங்கள் மீனவர் சங்கத்தின் கைக்கு வந்த நாளில் கடற்கரையில் பொங்கிப் பகிர்ந்தோம். அதுவரை துறையில் ஒரு பல்ப் எரியாவிட்டாலும் அரசாங்கக் கச்சேரிக்கு அலைய வேண்டும். இனி எல்லாம் எங்களுடையது. ஐஸ் அறை வந்தது, கிழிந்த வலை பொத்தக் கொட்டில் வந்தது, வெளியூருக்குக் கூலிக்குப் போன பெடியள் திரும்பி வந்து போட் இறக்கினார்கள். சங்கத் தலைவர் என் மனுசன். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான், பொய் சொல்வானேன்.

போட்டுகளில் அலை மோதாதிருக்கக் கடலுக்குள் கல்லணை போட்டதும் நாங்களேதான். அணைக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. அங்கேதான் என் தங்கச்சி வீடு. அவள் புருசனும் எங்கள் சங்கம்தான். முதலில் தென்னை சரிந்தது. பிறகு கிணறு உப்பாகி, ஒரு நாள் கிணறே இல்லை. போகும்போதெல்லாம் அவளுடைய குசினிச் சுவருக்கும் கடலுக்கும் இடையில் மணல் குறைந்திருந்தது. கடலைக் கொந்தளிக்க வைக்கும் வாடைக்காற்று இன்னும் தொடங்கவேயில்லை.

"முந்தியெண்டா கச்சேரி வாசலில போய்க் கத்தியிருப்பன்," என்றாள். "இப்ப ஆரிட்டப் போறது? உன்ர வாசலுக்கோ அக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. "எழும்படி, கூட்டத்துக்கு வா," என்று இழுத்துக்கொண்டு போனேன்.

கூட்டத்தில் அவள் கல்லணையை எடுக்கச் சொல்லி அழுதழுது கேட்டாள். கல்லை எடுத்தால் போட்டெல்லாம் உடைஞ்சு போகும் என்று மற்றவர்கள் சத்தம் போட்டார்கள். பொய்யில்லை, உடையும்தான். கடைசியில் என் மனுசன் எழும்பினார்.

"கல்லை எடுக்கேலாது. ஆனா தங்கச்சி வீட்டுக்கு முன்னால இன்னொரு அணை போடுவம். எங்கட துறை, எங்கட சனம். ஆரையும் கைவிடமாட்டம்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும்தான். தங்கச்சி என்னைக் கட்டிப்பிடித்து விம்மினாள். அப்பாடா என்றிருந்தது.

அவளைக் கொண்டுபோய் விடக் கரையோரமாக நடந்தோம். அவள் வீட்டுக்கும் வடக்கே, புதிதாகக் குடியேறிய குடும்பம் ஒன்றின் தகரக் கொட்டில் இருந்தது. முற்றத்தில் ஒரு பெண் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டு சிரித்துக் கை காட்டினாள்.

"உன்ர வீட்டுக்கு முன்னால கல்லுப் போட்டா, கடல் அவையின்ர பக்கமெல்லோடி திரும்பும்?" என்றேன்.

"அவை என்ன, எங்கட சங்கமே அக்கா?" என்றாள் தங்கச்சி, அந்தப் பெண்ணுக்குக் கை காட்டியபடியே.